கோமதியின் பக்கங்களைத் தேடித் தாராவிக்கு

நான்கு கட்டங்கள் இருந்தன. நான்கிலும் டிக் போட்டேன். இந்தப் பயணம் அதனால் வந்தது.

என் மனைவி கோமதியின் போன் பாளையங்கோட்டையில் என் மேசையில்தான் இருக்கும். அவள் போன பிறகும் தினமும் அதற்கு எண்பது சதவீதம் சார்ஜ் ஏற்றி வைப்பேன். ஒரு நாள் காலையில், சேமிக்க இடமில்லை என்று அது அறிவித்தது. இடமில்லாமல் போன் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பயந்து சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். குட் மார்னிங் படங்கள் மட்டும் ஆயிரத்து எழுநூற்றுப் பதினாறு இருந்தன. அழித்தேன். மனசு ஆறாமல் பிரவுசருக்குள்ளும் போனேன். எதையெல்லாம் அழிக்கலாம் என்று கேட்டு அது நான்கு கட்டங்களைக் காட்டியது. புள்ளியியல் துறையில் முப்பத்தாறு வருடம் படிவம் நிரப்பியவன் நான். கட்டத்தைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை.

போனது கோமதியின் நோட்டு.

அது என்ன நோட்டு என்று சொல்ல வேண்டும். வைத்தியத்துக்காக நானும் அவளும் செம்பூரில் அவள் தம்பி சங்கரன் வீட்டில் ஏழு மாதம் தங்கியிருந்தோம். முதலில் மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஏதோ ஒரு ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டோம். நான்காம் நாளே அவள் போனில் செயற்கை முடி விளம்பரம் வந்தது. அவளுக்கு அப்போது முடி கொட்ட ஆரம்பிக்கவே இல்லை. "எனக்கு முன்னாடி இவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று சிரித்தாள். அன்றே அந்த ஆப்பை எடுத்துவிட்டாள்.

கதிர் வைத்தியம் நடக்கும் வார்டு தரைக்குக் கீழே இருந்தது. அங்கே சிக்னல் கிடையாது. பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவர் தாராவியிலிருந்து வரும் ஜமீலா பீவி. பூர்வீகம் கடையநல்லூர். அவர் மகள் ரஹ்மத் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற பெண். உம்மாவுக்காக அவள் ஒரு நோட்டு செய்திருந்தாள். பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம். ஒரு தடவை திறந்துவிட்டால் பிறகு நெட்டே வேண்டாம். என்ன சாப்பிட்டோம், எங்கே வலித்தது, யார் வந்தார்கள், எல்லாம் எழுதலாம். எழுதியது எழுதியவர் போனிலேயே இருக்கும், எந்தக் கம்பெனிக்கும் போகாது. இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் பணம் கட்ட வைத்திருப்பதுபோல ஒரு போனில் தெரியும் கறுப்புக் கட்டத்தை இன்னொரு போனால் படம் பிடிக்க வேண்டும். கோமதியும் ஜமீலாவும் தினமும் அந்த நாற்காலிகளில் அதைத்தான் செய்தார்கள். நான் வெளியே டோக்கன் எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு கோமதி அதில் எழுதவில்லை. படிக்கக் கொடுக்க ஜமீலா பக்கத்தில் இல்லையே என்றாள்.

அவள் இறந்த பதினாறாம் நாளிலிருந்து அந்த நோட்டை நான் படிக்க ஆரம்பித்தேன். நாளைக்கு ஒரு பக்கம்தான், அதற்கு மேல் இல்லை. சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று ரேஷன் வைத்திருந்தேன். பட்டியலில் மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பக்கம். அறுபத்தொன்று படித்திருந்தேன். மிச்சம் நூற்று முப்பத்திரண்டையும் படிக்காமலே அழித்துவிட்டேன்.

ரஹ்மத்துக்குப் போன் செய்து கத்தினேன். உன்னிடம் ஒரு நகல் இருக்குமே, எடுத்துக் கொடு என்றேன்.

"என்கிட்ட ஒரு பக்கமும் கிடையாது மாமா. எழுதினவங்க போன்ல இருக்கும், அவங்க யாருக்குக் குடுத்தாங்களோ அவங்க போன்ல இருக்கும். வேற எங்கயுமே இருக்காது. அப்படித்தான் செஞ்சேன்."

"பிறகு நீ என்ன கம்பெனி நடத்துகிறாய்?"

"கம்பெனியே கிடையாது மாமா." பிறகு சொன்னாள்: "ஆனா உம்மா போன்ல இருக்கு. மெயில்ல அனுப்பலாம். உம்மா மாட்டேங்கறாங்க. உங்கள நேர்ல வரச் சொல்றாங்க."

ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றாள். கோமதியின் போனை ஒரு துண்டில் சுற்றி, நான் ஏழு மாதம் தினமும் எழுதிய குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை தாதரில் இறங்கியபோது சங்கரன் வடா பாவோடு நின்றான். நம் ஊரில் வடை இலையில் தைரியமாக உட்கார்ந்திருக்கும். இங்கே அதை ரொட்டிக்குள் ஒளித்து, மிளகாயையும் காவலுக்கு வைத்துத் தருகிறார்கள். இரண்டு தின்றேன். செம்பூர் வீட்டில் கோமதி படுத்திருந்த கட்டிலை எடுத்துவிட்டுச் சோபா போட்டிருந்தார்கள். தரையில் கட்டில் கால்களின் தடம் மூன்றுதான் தெரிந்தது. நான்காவதைச் சோபா மறைத்திருந்தது.

"அத்தான், தாராவிக்கு டாக்ஸி போட்டுத் தாரேன்" என்றான் சங்கரன். "லோக்கல் உங்களுக்கு ஆகாது."

"ஏழு மாதம் இருந்தவன் நான்."

"ஏழு மாசமும் ஆஸ்பத்திரி ஆட்டோவுலதானே போனிய? அரே, டென்ஷன் எடுக்காதீங்க, சொல்லுதேன்."

கேட்காமல் சனிக்கிழமை காலை லோக்கலில்தான் போனேன். குர்லாவில் மாறிச் சயானில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். மாறிய வண்டியில் மூன்று பேர் உட்காரும் பலகையில் ஓரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. ஒருவர் வந்து என் தோளருகே இரண்டு விரலை ஆட்டினார். நகரச் சொல்கிறார். எனக்குத் தெரிந்த இந்தியில், இது மூன்று பேருக்கான இருக்கை என்றேன்.

"காகா, இந்த ஊரில் நாலாவது ஆளுக்கும் இடம் உண்டு" என்றார் அவர், இந்தியில். "நீங்கள்தான் காலை அகட்டி உட்கார்ந்து கணக்கைக் கெடுக்கிறீர்கள்."

பலகையில் எல்லோரும் சிரித்தார்கள். நகர்ந்தேன். அவர் பாதி உட்கார்ந்து மறுபாதியை அந்தரத்தில் வைத்துக்கொண்டார். பலகையின் நீளம் என்ன, ஆளுக்கு எத்தனை அங்குலம் என்று நான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னலில் சயான் வந்தது, நிற்காமல் போனது. மாதுங்காவும் அப்படியே போனது. அது ஃபாஸ்ட் வண்டி.

"எங்கே இறங்கணும்?" என்றார் நாலாவது ஆள். சொன்னேன். "நம்மகிட்டச் சண்டை போடாமல் இருந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு, தாதரில் என் கையைப் பிடித்து இறக்கி, எதிர் நடைமேடைவரை கொண்டுவந்து விட்டுப் போனார்.

ஸ்லோ வண்டியில் திரும்பி வரும்போது பசித்தது. மாதுங்காவில் இறங்கி, முன்பு போய்ப் பழகிய ஓட்டலுக்குள் நுழைந்தேன். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். அதை மன்னிக்கலாம், காபி நம் ஊர்க் காபிதான். கோமதி இங்கே ஒரு தடவை வந்து அரை இட்லி சாப்பிட்டாள். அதைப் பதினான்காம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "அரை இட்லி. மீதி அரையை இவர் தன் இரண்டோடு சேர்த்துச் சாப்பிட்டார். ஆக மொத்தம் எங்கள் இருவருக்கும் சரியாக மூன்று என்று குறித்துக்கொண்டார்."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றேன். இருபத்தைந்து நிமிடம். மஞ்சளும் கறுப்புமாக டாக்ஸிகள் முப்பத்தெட்டு போயின. ஆட்டோ ஒன்றுகூட இல்லை. வேலைநிறுத்தமோ என்று கவலைப்பட்டேன். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் கடைசியில் பொறுக்க முடியாமல் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஆட்டோவுக்கா நிக்கிய?"

"ஆமாம்மா."

"நாளைக்கு வரைக்கும் நின்னாலும் வராது. சயானுக்கு இந்தப் பக்கம் ஆட்டோ விட மாட்டான். நானும் எப்பம் கேப்பியன்னுதான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

டாக்ஸியில் போனேன். தாராவியில் தொண்ணூறடிச் சாலை என்று ஒன்று இருக்கிறது. கடைகள், தள்ளுவண்டிகள், நிறுத்திய பைக்குகள் எல்லாம் போக என் கண்ணுக்கு இருபத்தைந்து அடிதான் தேறியது. திருப்பத்துக்குத் திருப்பம் திருநெல்வேலிப் பேச்சு. எங்கள் ஊர் சந்தையில்கூட இப்போது இவ்வளவு 'ஏல' கேட்பதில்லை. ஜமீலாவின் வீடு சந்துக்குள் இருக்கிறது. கீழே தோல் பை தைக்கும் பட்டறை, ஆறு மெஷின். மேலே வீடு. ஏற இரும்பு ஏணி.

"எத்தனை படி?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பதினொன்று."

"கோமதி சொல்லிருக்கா, எங்க வீட்டுக்காரர் எண்ணாம ஏற மாட்டாருன்னு. வாங்க அண்ணாச்சி, தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க."

இளைத்திருந்தார். ஆனால் முடி மறுபடி வளர்ந்திருந்தது. முக்காட்டுக்கு வெளியே கொஞ்சம் சுருளாகத் தெரிந்தது. எனக்காகத் தேங்காய்ச் சோறும் கத்தரிக்காய் போட்ட பருப்பும் செய்திருந்தார். "கறி படாத புதுச் சட்டி. சந்தேகமாப் பாக்காதீங்க" என்றார். நான் அப்படிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் பார்த்திருப்பேன். சோறு மணத்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் தன் போனை எடுத்துக் காட்டினார். மூலையில் உடைந்த கண்ணாடி. உள்ளே 'கோமதி' என்று ஒரு வரி, அதற்கு எதிரே ஓர் எண்: 214.

"இருநூற்றுப் பதினான்கா? கோமதி போனில் நூற்றுத் தொண்ணூற்று மூன்றுதான் இருந்தது" என்றேன்.

குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். கோமதியின் போனில் பக்க எண்கள் எழுபத்தொன்றுக்கு மேல் இடையிடையே தாவும். எழுபத்திரண்டு இருக்காது, எண்பது இருக்காது, எண்பத்தொன்றும் இருக்காது. இப்படி விடுபட்டவை இருபத்தொன்று. எல்லாவற்றையும் தேதியோடு வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ரஹ்மத்தின் நோட்டில் உள்ள பிழை என்று அவளுக்கே அனுப்ப உத்தேசம்.

ஜமீலா அந்தப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அவருக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும், எண்கள் வந்தன. பாதியில் நிறுத்திவிட்டுப் போனை மூடினார்.

"நாளைக்கு ரஹ்மத்துக்கு லீவு. நாளைக்கு வாங்க, அண்ணாச்சி."

"இப்போதே..."

"நாளைக்கு."

ஞாயிறு காலை செம்பூர் ஸ்டேஷனுக்குப் போனால் வண்டியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தைப் பழுது பார்ப்பார்களாம். நம் ஊரில் ஒரு வண்டி லேட்டானால் ஊரே பேசும். இங்கே நிறுத்தியே விடுகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. பஸ்ஸில் போனேன். கோமதியின் போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்த மராட்டிக் கிழவர் கூடையில் தக்காளி வைத்து அதேபோலப் பிடித்திருந்தார். "உங்களுடையதும் நசுங்கிவிடுமா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன்.

ரஹ்மத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மாமா, இது பிழை இல்ல" என்றாள். "பக்கத்த அழிச்சா அந்த நம்பர் காலியாத்தான் இருக்கும். அத்தை அழிச்சிருக்காங்க."

"ஒரு போனில் அழித்தால் இன்னொரு போனிலும் அழிய வேண்டாமா?"

"வேண்டாம். குடுத்தாச்சுன்னா அது வாங்கினவங்களோடது. குடுத்தவங்க திரும்பப் புடுங்க முடியாது. நானும் முடியாது."

முப்பத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் நிலமும் நெல்லும் ஆட்களும் எண்ணி எழுதி வாங்கியிருக்கிறேன். எழுதிக் கொடுத்த ஒருவருக்குக்கூட ஒரு நகல் கொடுத்ததில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அது அப்போது ஞாபகம் வந்தது.

ஜமீலா அடுப்படியிலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஊருக்குப் போற அன்னைக்கு, வார்டுல என் பக்கத்துல உக்காந்துதான் ஒவ்வொண்ணா அழிச்சா. ஒன்கிட்ட இருக்கதையும் அழிச்சிரு ஜமீலான்னா. சரின்னு தலையாட்டுனேன். அழிக்கல அண்ணாச்சி. அவ எழுத்து. எனக்குக் கை வரல."

"என்ன எழுதியிருக்கிறாள்?"

"என்னத்த எழுதுவா? வலி பொறுக்காத நாளு. உங்ககிட்ட வந்து மூணுன்னு சொல்லுவா. சொல்லிட்டு இதுல எழுதுவா."

வலி எவ்வளவு என்று நர்ஸ் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் கேட்பார். நானும் தினமும் மாலையில் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுவேன். விடுபட்ட தேதிகளை இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மூன்று. மூன்று. மூன்று. இருபத்தொன்றும் மூன்று. டாக்டரிடமே ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், மூன்றிலேயே நிலையாக நிற்கிறது சார் என்று.

"அப்படியானால் மருந்து?" என்றேன்.

"நர்ஸுகிட்ட சரியாத்தான் சொல்லுவா. மருந்தும் ஏத்துனாங்க. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். உங்ககிட்ட மட்டுந்தான் மூணு." ஜமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கேட்டியன்னா குடுக்காம இருக்க எனக்கு முடியாது. மெயில்ல அனுப்புனா மொத்தமும் போயிரும், உங்க மூஞ்சியப் பாக்க முடியாது. அதான் வரச் சொன்னேன்."

ரஹ்மத் உம்மாவின் போனில் ஒரு பட்டியலைத் திறந்தாள். இருநூற்றுப் பதினான்கு வரிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கட்டம், எல்லாக் கட்டத்திலும் டிக். எது எதைக் கொடுக்க வேண்டுமோ அதற்கு டிக் இருக்க வேண்டும். ஜமீலா போனை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

கீழே மெஷின்கள் ஓடவில்லை, ஞாயிறு. போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே கொடுத்துவிட்டால் போதும், எல்லாம் வந்துவிடும். அந்த நாட்களில் அவள் எத்தனை என்று எழுதினாள், ஏழா, எட்டா, அதற்கும் மேலா? எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஓர் எண் தப்பாக இருக்கிறது என்று தெரிந்து அதைத் தப்பாகவே விட்டதில்லை நான்.

அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறாள். ஊசி ஏற்றிய கையால். இருபத்தொரு தடவை.

குறிப்பேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டேன். எழுபத்திரண்டுக்கு முன்னால் இருந்த கட்டத்தைத் தொட்டேன். டிக் போய்விட்டது. எண்பது. எண்பத்தொன்று. ஒரு இடத்தில் விரல் தவறிப் பக்கத்து வரியின் டிக் போய்விட்டது. ரஹ்மத் அதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாள். கடைசியில் மேலே இருந்த எண் 193 ஆனது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஜமீலா அழுதார். பிறகு, "ரெண்டு தடவை எண்ணியாச்சா? மூணாவது தடவை எண்ணுதியளா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

ரஹ்மத் இரண்டு போனிலும் நெட்டை அணைத்தாள், எனக்குக் காட்டுவதற்காகவே. "பாருங்க மாமா, வெளிய யாரும் கிடையாது. ரெண்டு போனும் ஒண்ண ஒண்ணு பாத்தாப் போதும்." ஜமீலாவின் உடைந்த போனில் கறுப்புக் கட்டம் வந்தது. கோமதியின் போனை அதற்கு எதிரே பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று பக்கங்கள் வந்து இறங்கின. நூறு தாண்டியபோது கை வலித்தது, மாற்றிப் பிடிக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்று மூன்றில் நின்றது.

அதே பக்கங்களை என் போனிலும் ஒரு நகல் போட்டுக் கொடுத்தாள் ரஹ்மத். "இனிமே பிரவுசர் பக்கம் போகவே போகாதீங்க" என்றாள்.

கிளம்பும்போது ஜமீலாவிடம் சொன்னேன்: போனைத் தினமும் சார்ஜ் போடுங்கள், ஆனால் நூறு வரை ஏற்ற வேண்டாம், உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுத்தால் கடைக்காரன் முன்னாலேயே உட்கார்ந்திருங்கள், இடமில்லை என்று சொன்னால் பதறாதீர்கள்.

"கோமதி உங்களப் பத்திச் சொன்னது சரிதான்" என்றார் ஜமீலா. "ஏணியில பாத்து எறங்குங்க. பதினொண்ணு."

திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பும் வண்டியில் ஜன்னலோர இருக்கை. பேத்தியோடு ஒரு அம்மாள் வந்து தயங்கி நின்றார். கேட்பதற்கு முன்னாலேயே நகர்ந்து உட்கார்ந்தேன். அந்த வண்டியில் அது எட்டுப் பேருக்கான இடம், ஒன்பது ஆனோம்.

கல்யாண் தாண்டியதும் கோமதியின் போனைத் துண்டிலிருந்து எடுத்தேன். ஒரேயடியாக எல்லாவற்றையும் படித்துவிடலாமா என்றுதான் இருந்தது. மறுபடி என்ன ஆகுமோ யார் கண்டது? ஆனாலும் ஒன்றைத்தான் திறந்தேன். பக்கம் அறுபத்திரண்டு.

"இன்றைக்கு ஊசி இல்லை. ஜமீலா நெல்லிக்காய் கொண்டுவந்தாள், நான்கு தின்றேன். சாயங்காலம் வலி இரண்டுதான். நிஜமாகவே இரண்டு. இவரிடம் சொன்னேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மூன்று என்று எழுதிக்கொண்டார். சொன்னால் நம்பவே மாட்டார்."

குறிப்பேட்டில் அந்தத் தேதியைத் தேடினேன். மூன்று என்றுதான் இருந்தது, என் கையெழுத்தில். வண்டி ஆட்டத்தில் பேனா நிற்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் வரும்வரை காத்திருந்து, அந்த மூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு என்று எழுதினேன்.